அச்சத்தை அளக்கலாமா?

எண்ணுவதும் அளப்பதும் எனக்குப் பிழைப்பு. பந்திங் வட்டாரத்திலுள்ள ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணி வேலை பார்ப்பவன் நான். காலைப் பிரட்டில் எத்தனை பேர் நின்றார்கள், எவர் எத்தனை குலை வெட்டினார், எத்தனை டன் ஆலைக்குப் போயிற்று என்பவற்றையெல்லாம் கணக்கிட்டுப் புத்தகத்தில் ஏற்றுவதே என் தொழில். இத்தொழிலில் நெடுநாள் இருப்பவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் தானாகவே வந்துவிடும். புத்தகத்தில் கட்டம் உள்ள விஷயங்களே உலகில் உண்டு என்றும், கட்டம் இல்லாதவை இல்லவே இல்லை என்றும் அவன் எண்ணத் தொடங்கிவிடுவான். அவ்வாறு எண்ணி நான் ஒருவருக்குச் செய்த தீங்கையும், அதிலிருந்து என் உள்ளத்தில் எழுந்த ஒரு கேள்வியையும் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன். அச்சத்தை அளக்க முடியுமா? முடியுமாயின், அளப்பது முறைதானா? இதுவே அக்கேள்வி.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தோட்டத்தில் குலை வெட்டும் பெரியவர் ஒருவர் உண்டு. ஐம்பது வயதைக் கடந்தவர். ஒரு நாள் முற்பகலில், பழம் குவிக்கும் மேடையருகே அவர் தள்ளாடிக்கொண்டு வந்து நின்றார். சட்டை முழுதும் நனைந்திருந்தது. பேச்சுக் குழறிற்று. மண்டோரை என்றுமில்லாதபடி ஏசினார். நான் பெயர் சொல்லி அழைத்தபோது என்னை யாரென்றே அறியாதவர்போல் விழித்தார். “காலையிலேயே போட்டுவிட்டு வந்திருக்கிறார்” என்று பக்கத்திலிருந்த ஒருவர் சிரித்தார். நானும் அதை நம்பினேன். குடிபோதையில் வேலைக்கு வந்தார் என்று அப்பொழுதே எழுதி வைத்துவிட்டு நடந்தேன். அன்றைய கூலி போயிற்று. எச்சரிக்கைக் கடிதமும் அவர் கைக்குப் போயிற்று.

நான் அவ்விடம் விட்டு நீங்கிய பின், உதிரிப்பழம் பொறுக்கும் ஓர் அம்மையார் தம்மிடமிருந்த இனிப்புத் தேநீரை அவருக்குக் குடிக்கக் கொடுத்திருக்கிறார். கால் மணி நேரத்தில் பெரியவர் தெளிந்துவிட்டார். இதை நான் பார்க்கவில்லை. அவர் நீரிழிவுக்கு இன்சுலின் போட்டுக்கொள்பவர் என்பதும், அன்று ஊசி போட்டபின் உண்ண நேரமின்றி லாரியில் ஏறிவிட்டார் என்பதும், இரண்டு நாள் கழித்து மருந்தக உதவியாளர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. உடனே என் வரியை அடித்துவிட்டு, கூலியைத் திரும்பச் சேர்த்து, கடிதத்தையும் மீட்க ஏற்பாடு செய்தேன். பிழை திருத்தப்பட்டுவிட்டது என்று நிம்மதியும் அடைந்தேன்.

ஆனால் பிழை திருந்தவில்லை. சில மாதங்களுக்குப் பின், கிளினிக்கில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் அவருக்குச் சர்க்கரை மிகவும் ஏறியிருப்பதாகக் கண்டார்கள். “சொன்னபடி கேளாதவர், அக்கறையில்லாதவர்” என்று அங்கே வசை கேட்டுத் திரும்பினார். வேலை நாட்களில் அவரே ஊசியின் அளவைக் குறைத்துவிடுகிறார், சில நாள் போடுவதேயில்லை என்பது பிறகு தெரிந்தது. “அண்ணே, இப்படிச் செய்யலாமா? கண் போகும், சிறுநீரகம் கெடும், கால் புண்ணாகும் என்று சொல்லுகிறார்களே” என்று நான் புத்திமதி கூறினேன். அவர் என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: “தம்பி, சீனி ஏறினால் எனக்கு மட்டும்தான் தெரியும். இறங்கினால் தோட்டத்துக்கே தெரியும். ஏறினால் நான் நோயாளி; இறங்கினால் குடிகாரன். நீங்கள்தானே எழுதினீர்கள்?”

இதற்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்?

நிற்க. இவ்வியாதியின் இயல்பை அறியாதார்க்காகச் சில வார்த்தைகள். நீரிழிவு நம்மவர்க்குப் புதிதன்று. 2019-ஆம் ஆண்டு மலேசியாவில் நடத்தப்பட்ட தேசிய சுகாதார ஆய்வில், வயது வந்தோரில் நூற்றுக்கு 18.3 பேருக்கு இந்நோய் காணப்பட்டது. இனவாரியாகப் பார்க்குமிடத்து இந்தியரிடையேதான் அது மிகுதி. நூற்றுக்கு 31 பேருக்கு மேல் என்று கணக்கிட்டார்கள். இரத்தத்தில் சர்க்கரை மிகுவதே இந்நோய் என்பதை எல்லோரும் அறிவர். ஆனால் இன்சுலினும் சிலவகை மாத்திரைகளும் அச்சர்க்கரையைத் தேவைக்கு மேல் இறக்கிவிடுவதும் உண்டு என்பதைப் பலர் அறியார். ஒரு லிட்டர் இரத்தத்தில் 3.9 மில்லிமோலுக்குக் கீழ் இறங்கினால் எச்சரிக்கை, 3.0-க்குக் கீழ் இறங்கினால் ஆபத்து. முதலில் வியர்வை, நடுக்கம், பசி, படபடப்பு ஆகியவை தோன்றும். பின்னர் மூளைக்குச் சர்க்கரை போதாமையால் புத்தி தடுமாறும்; நாக்குக் குழறும்; கால் தள்ளாடும்; கடைசியில் நினைவே தப்பும். பார்ப்பவர் கண்ணுக்கு இது போதையாகவே தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றிற்று.

இவ்வச்சம் நேற்று முளைத்ததன்று. மருந்து பிறந்தபோதே உடன் பிறந்தது. எங்கள் ஊரின் பெயரும், இன்சுலினைக் கண்டவர்களில் தலையாயவரான பிரெடெரிக் பான்டிங் என்பாரின் பெயரும் ஆங்கில எழுத்தில் ஒன்றேதான். ஊருக்கும் அவருக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. ஆயினும் இப்பெயர் ஒற்றுமையால் அவர் வரலாற்றை நான் விரும்பிப் படித்ததுண்டு. கனடா தேசத்து டொரான்டோ நகரில் 1921-ல் பான்டிங்கும் பெஸ்ட்டும் ஆராய்ச்சியைத் தொடங்கினர். 1922 ஜனவரியில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக அம்மருந்து செலுத்தப்பட்டது. 1923-ல் பான்டிங்குக்கும் மக்லியாடுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இவையெல்லாம் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்தவை. ஆனால் அதே குளிர்காலத்தில் அவர்களுடன் உழைத்த காலிப் என்பவர், மருந்து செலுத்தப்பட்ட முயல்கள் வலிப்புக் கண்டு விழுவதையும், சர்க்கரைக் கரைசல் கொடுத்தவுடன் அவை எழுந்துவிடுவதையும் கண்டார். உயிர் கொடுக்கும் அம்மருந்து அளவு மீறினால் உயிரை வாங்கவும் கூடும் என்பது முதற்குளிர்காலத்திலேயே தெரிந்துவிட்டது. ஆகவே எங்கள் பெரியவரின் அச்சத்தை அறியாமை என்று சொல்பவர், அம்மருந்தின் வரலாற்றையே அறியாதவர்.

பிற்காலத்து ஆராய்ச்சிகளும் அவர் பக்கமே சாட்சி சொல்லுகின்றன. 1993-ல் அமெரிக்காவில் வெளியான பேராராய்ச்சி ஒன்று, இன்சுலினை நம்பி வாழும் முதல்வகை நீரிழிவுக்காரர் 1,441 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. சர்க்கரையைக் கண்டிப்பாக அடக்கியவர்களுக்குக் கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றின் கேடுகள் வெகுவாகக் குறைந்தன. இது பெரும் நன்மை. ஆயினும் பிறர் உதவியின்றி மீள முடியாத கடுந்தாழ்வு அவர்களுக்கு ஏறக்குறைய மும்மடங்காயிற்று. முதிர்ந்தோருக்கு வரும் இரண்டாம்வகை நோயில், பதினாயிரத்துக்கு மேற்பட்டோரை வைத்து நடத்திய மற்றோர் ஆராய்ச்சியில், மிகக் கடுமையாகச் சர்க்கரையை இறக்கிய பிரிவில் சாவு மிகுந்தது கண்டு 2008-ல் அம்முறையையே நிறுத்தினார்கள். அச்சாவுகளுக்குத் தாழ்நிலைதான் காரணம் என்று உறுதிப்படவில்லையாயினும், கடுந்தாழ்வு அப்பிரிவிலேயே மிகுதியாக இருந்தது. மருத்துவர் ஒரு தட்டில் பத்தாண்டுக்குப் பின் வரும் கண்ணிழப்பை வைக்கிறார். தொழிலாளி மறுதட்டில் நாளை முற்பகலில் வரும் மயக்கத்தை வைக்கிறார். இருவரும் தராசு பிடிப்பவர்களே. ஒருவரை அறிஞர் என்றும் மற்றவரை மூடர் என்றும் சொல்வது எங்ஙனம் பொருந்தும்?

இனி, அளவைக்கு வருவோம். இவ்வச்சம் சிகிச்சையையே கெடுக்கக் கூடியது என்பதை உணர்ந்து, அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் டேனியல் காக்ஸ், லிண்டா கோண்டர்-பிரெடெரிக் முதலியோர் 1987-ல் ஒரு வினாத்தாளை வெளியிட்டார்கள். சர்க்கரைத் தாழ்வைப் பற்றிய அச்சத்தை அளப்பதே அதன் நோக்கம். 2011-ல் வெளியான அதன் திருந்திய வடிவத்தில் முப்பத்துமூன்று கூற்றுகள் உண்டு. பதினைந்து, மனிதன் என்ன செய்கிறான் என்பதைப் பற்றியவை: முன்கூட்டியே மிகுதியாக உண்கிறானா, தனியே இருக்கும்போது சர்க்கரையை வேண்டுமென்றே உயர்த்தி வைக்கிறானா, உடலுழைப்பைத் தவிர்க்கிறானா என்பன போன்றவை. பதினெட்டு, அவன் எதைப்பற்றிக் கவலைப்படுகிறான் என்பதைப் பற்றியவை: உறக்கத்தில் இறங்கிவிடுமோ, வண்டி ஓட்டும்போது வந்துவிடுமோ, உதவ எவருமில்லாமற் போவார்களோ என்பன போன்றவை. ஒவ்வொன்றுக்கும் ‘ஒருபோதும் இல்லை’ என்பது முதல் ‘ஏறக்குறைய எப்போதும்’ என்பது வரை, பூஜ்யம் முதல் நான்கு வரை மதிப்பெண் உண்டு. நமக்கு அண்மையிலுள்ள சிங்கப்பூரிலும் இதனைச் சோதித்துப் பார்த்து 2017-ல் முடிவை வெளியிட்டிருக்கிறார்கள். கவலைகளின் வரிசையில், பிறர் கண்ணுக்குக் குடியன்போலத் தோன்றிவிடுவேனோ என்பதும் ஒன்றாக இருக்கக் கண்டு நான் திடுக்கிட்டேன். எங்கள் தோட்டத்துப் பெரியவரின் நெஞ்சிலிருந்த ஒன்றை, கடல் கடந்த ஊரில் எவரோ முன்பே கேட்டு எழுதி வைத்திருக்கிறார்கள்!

நான் ஆங்கில வழியில் படித்தவன் ஆதலின் அத்தாளை ஆங்கிலத்தில் எளிதாகப் படித்துவிட்டேன். அதன் கருத்தைப் பெரியவருக்குத் தமிழில் எடுத்துச் சொல்லத் தொடங்கியபோதுதான் இடர்ப்பட்டேன். “உங்களுக்குப் பயம் உண்டா?” என்றேன். “எனக்கென்ன பயம்? பாம்பையே கையால் பிடித்தவன் நான்” என்றார். ஆண்மகன் ஒருவனிடம், அதிலும் மனைவி பக்கத்தில் நிற்கும்போது, அச்சம் உண்டா என்று கேட்டால் வேறு என்ன விடை வரும்? பின்னர்க் கேள்வியை மாற்றினேன். “தோட்டத்துக்குப் போகும்போது பையில் என்ன வைத்துக்கொள்வீர்கள்?” என்றேன். சீனிப் பொட்டலம், மிட்டாய், இரண்டு ரொட்டி என்றார். “தனி நிரையில் வெட்டுவீர்களா?” என்றேன். எப்போதும் ஒருவர் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்கும்படி மண்டோரிடம் கேட்டுக்கொள்வதாகச் சொன்னார். அம்மையாரோ, இரவு இரண்டு மணிக்கு எழுந்து அவர் நெற்றி வியர்த்திருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பது தம் வழக்கம் என்று சொல்லிவிட்டார். பெரியவருக்கு அது அன்றுவரை தெரியாது. அவர் தலை குனிந்துகொண்டார்.

அவ்வினாத்தாள் ஏன் இரண்டு பகுதியாக இருக்கிறது என்பது அப்போது எனக்கு விளங்கிற்று. வாய் மறுப்பதைச் செய்கை ஒப்புக்கொள்ளும். பயம் என்ற சொல்லுக்கு இல்லை என்பவர், மானம் என்ற சொல்லுக்கு ஆம் என்பார். அச்சம் ஒருவருடையது மட்டுமன்று, ஒரு குடும்பமே அதைப் பங்கிட்டுச் சுமக்கிறது என்பதும் விளங்கிற்று. குழந்தைகளுக்கு இந்நோய் வந்த பெற்றோருக்கென்றே தனியாக ஒரு வினாத்தாளை ஆராய்ச்சியாளர் அமைத்திருப்பது இக்காரணம் பற்றியே.

இவ்விடத்தில் ஓர் ஆட்சேபம் எழலாம். “அச்சம் உள்ளத்து நிகழ்ச்சி, அதை எண்ணால் அளப்பது, அன்பை முழக்கோலால் அளப்பது போன்ற வீண் வேலையன்றோ?” என்பர் சிலர். உண்மைதான்; நூறு மதிப்பெண் பெற்றவர் ஐம்பது பெற்றவரைப்போல் சரியாக இருமடங்கு அஞ்சுகிறார் என்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் ஜுரமானி நோயாளியின் துன்பத்தையா அளக்கிறது? உடல் வெப்பத்தை மட்டுமே அளக்கிறது. அவ்வளவே போதும், மருத்துவர் அருகில் வந்து உட்காருவதற்கு. அதுபோல, இவ்வினாத்தாள் அச்சத்தின் ஆழத்தை அளவாவிடினும், அச்சம் அங்கே இருக்கிறது என்பதற்கும், போன ஆண்டைவிட இவ்வாண்டு மிகுந்ததா குறைந்ததா என்பதற்கும் சாட்சியாகிறது. சாட்சி இல்லாத வழக்கில் ஏழையின் சொல் எடுபடுவதில்லை என்பதை நான் சொல்ல வேண்டுமா?

மற்றோர் ஆட்சேபம் இதைவிடக் கூர்மையானது. “அளந்துவிட்டீர், சரி. அவ்வச்சம் நியாயமானதா அன்றா என்பதை உமது எண் சொல்லுமா?” சொல்லாது. பலமுறை மயங்கி விழுந்தவரின் அச்சமும், ஒருமுறையும் விழாதவரின் வீண்கலக்கமும் ஒரே மதிப்பெண்ணைப் பெறலாம். மதிப்பெண் மிகக் குறைந்தவரோ எல்லோரினும் பெரிய ஆபத்தில் இருக்கலாம். எங்ஙனமெனின், அடிக்கடி சர்க்கரை இறங்கியவரின் உடல், நாளடைவில் வியர்வை நடுக்கம் முதலிய முன்னறிவிப்புகளைத் தராமலே விட்டுவிடுகிறது. அவர் அஞ்சாமல் இருப்பது தைரியத்தாலன்று, மணி அடிக்காமையாலேயே. இதிலும் ஒரு விசித்திரம் உண்டு. சர்க்கரை இறங்கும்போது உடலில் சுரக்கும் அட்ரினலினே மனிதன் அஞ்சும்போதும் சுரக்கிறது. வியர்வையும் நடுக்கமும் படபடப்பும் இரண்டிற்கும் பொது. ஆதலால் அஞ்சியவர், தமக்குச் சர்க்கரை இறங்கிவிட்டதென்று எண்ணி இனிப்பை உண்பதும், உண்மையிலேயே இறங்கியவர் வெறும் கலக்கமென்று எண்ணிச் சும்மா இருப்பதும் நேர்கின்றன. விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்த்தாலன்றி இரண்டையும் பிரித்தறிய முடியாது. ஆகவே எண் தனியே நின்று தீர்ப்புச் சொல்லக் கூடாது. அவரவர் வாழ்க்கை வரலாற்றின் பக்கத்தில் வைத்தே அதைப் படிக்க வேண்டும்.

திருவள்ளுவர், எதற்கு நடுங்க வேண்டுமோ அதற்கு நடுங்குவதும் ஒரு கடமையே என்ற கருத்தை எந்த அதிகாரத்தில் வைத்திருக்கிறார் என்று பாருங்கள். அறிவுடைமையில் வைத்திருக்கிறார். அச்சத்தை அவர் கோழைத்தனத்தின் கணக்கில் எழுதவில்லை. அறிவின் கணக்கிலேயே எழுதினார். ஆனால் அறிவாகிய அச்சம், காப்பதோடு நிற்க வேண்டும். ஆளத் தொடங்கினால் கேடு. பையில் சீனி வைத்துக்கொள்ளச் சொல்லும் அச்சம் காவலன். ஊசியையே விட்டுவிடச் சொல்லும் அச்சம் கொடுங்கோலன். எங்கள் பெரியவரிடம் இரண்டும் குடியிருந்தன. முன்னதைப் போற்றி, பின்னதை மட்டும் இறக்க வேண்டுமாயின், இரண்டையும் முதலில் கேட்டறிந்தாக வேண்டும். “பயப்படாதீர்” என்று ஒரே வார்த்தையில் அதட்டுவது இரண்டையும் சேர்த்து வாயடைப்பதாகும்.

மூன்றாவது ஆட்சேபத்தை நானே எழுப்புகிறேன். ஏனெனில் அது என் தொழிலைப் பற்றியது. அளந்த எண் எவர் கையில் இருப்பது? மருத்துவர் கையில் இருந்தால் மருந்தின் வகையையும் நேரத்தையும் மாற்ற உதவும். என்போன்ற கிராணியின் புத்தகத்தில் ஏறினால்? “இவர் மயங்கக் கூடியவர்; வேலைக்கு ஆகார்” என்று ஒரு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகும்? அவ்வாறு நேருமென்று தெரிந்தால் எந்தத் தொழிலாளி உண்மையைச் சொல்வான்? கேட்பவர் மேல் நம்பிக்கை இல்லாத இடத்தில் ஒவ்வொரு கேள்விக்கும் பூஜ்யமே விடையாக வரும், அளவை பொய்யாகிவிடும். ஆதலின் என் முடிவு இது: அச்சத்தை அளக்கலாம், அளக்கவும் வேண்டும், ஆனால் அஞ்சுபவரை நம்புவதற்காகவே அளக்க வேண்டும், அவரை விலக்குவதற்காக அன்று. அந்த எண் அவருடைய உடைமை.

அளந்தபின் செய்ய வேண்டியதும் உண்டு. வினாத்தாளை அமைத்த அதே வர்ஜீனியா குழுவினர், நோயாளி தம் உடலின் அறிகுறிகளைத் தாமே கற்றறிந்து, தம் கணிப்பைக் கருவியின் எண்ணோடு ஒப்பிட்டுப் பழகும் பயிற்சியையும் வகுத்தார்கள். அறிவு வளர வீண்பயம் தேய்வது இயல்பு. சில வாரங்கள் தாழ்நிலை வாராமல் காத்தால், மழுங்கிய முன்னறிவிப்புகளும் பெரும்பாலும் திரும்பக் கூடும். இவை மருத்துவரும் நோயாளியும் கூடிச் செய்ய வேண்டியவை. ஊசியின் அளவைத் தாமே குறைப்பவர், அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். சொன்னவரை ஏசாமல் “எதற்கு அஞ்சினீர்கள்?” என்று கேட்பது மருத்துவரின் கடமை.

நாம் செய்ய வேண்டியதோ இன்னும் எளிது. தோட்டத்திலாயினும் நகரத்துக் கடையிலாயினும் பஸ் நிலையத்திலாயினும், வியர்த்துத் தள்ளாடுகிறவரைக் கண்டவுடன் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்காமல், “இனிப்புநீர் உண்டா, ஊசி போடுகிறீர்களா?” என்று கேட்போம். விழுங்கக் கூடிய நிலையில் இருந்தால் மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் பக்கத்தில் இருப்போம். தெளியாவிடில் மறுபடியும் கொடுப்போம். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம். பெரியவர் அஞ்சியதில் பாதி சர்க்கரையைக் கண்டன்று, நம்மைக் கண்டே. அந்தப் பாதியைக் குறைக்க மருந்து வேண்டா, ஆராய்ச்சி வேண்டா.

இப்போது எங்கள் பழமேடையருகே ஒரு டப்பாவில் சீனி வைத்திருக்கிறோம். பெரியவர், தம் மனைவியுடன் கிளினிக்குக்குப் போய் நடந்ததை ஒளிக்காமல் சொல்லி, ஊசியின் நேரத்தை மாற்றிக்கொண்டு வந்தார். அச்சம் முழுதும் போய்விட்டதென்று நான் சொல்லமாட்டேன். என்னைக் காணும்போது அவர் இன்றும் சற்று நிமிர்ந்து, அடி பிசகாமல் நடக்க முயல்கிறார். நான் எழுதிய வரியைச் சிவப்பு மையால் அடித்தது உண்மை. ஆனால் அடித்த வரியும் புத்தகத்தில் படிக்கக் கிடக்கத்தான் செய்கிறது.